நூறு எம்பி

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து வந்த மெலனி, தலையில் போட்டிருந்த லேஸ் துண்டை மடித்து அலுமாரிக்குள் வைத்தாள். சப்பாத்தைக் கழற்ற முதலே கொம்பியூட்டரின் பொத்தானை அழுத்திவிட்டாள். விசிறி சுற்றியது. சின்ன விளக்கு மினுங்கியது. பிறகு கறுப்புத் திரையில் ஒற்றை வெள்ளை வரி ஆங்கிலத்தில் வந்து நின்றது. துவங்குவதற்கு டிஸ்க் எதையும் காணவில்லையாம். சரியான டிஸ்க்கைப் போட்டு, ஏதாவது ஓர் எழுத்தை அழுத்தட்டாம்.

அழுத்தினாள். அதே வரி இன்னொரு தரம் கீழே வந்தது.

வியாழக்கிழமை சூசைப்பிள்ளைச் சம்மாட்டியாரின் முப்பத்தோராம் நாள். அவருடைய நினைவுப் புத்தகம் இருபத்தெட்டுப் பக்கம். படமும் மன்றாட்டும் பேரப்பிள்ளைகள் எழுதிய புலம்பலும் ஒழுங்காக அடித்து முடித்து டி டிரைவில் கிடந்தது. அச்சடிக்க மட்டும்தான் பாக்கி. அவள் பெட்டியின் பின்பக்க வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டு அமத்தினாள். இந்தக் கரையில் உப்புக்காற்று ஒரு வருடத்தில் ஆணியையே தின்றுவிடும். வயராகத்தான் இருக்கும் என்று நினைத்தாள்.

"வயரில்ல" என்றது பின்னால் ஒரு குரல்.

அவளுடைய புருஷன் கில்பட் குசினி வாசலில் நிலையோடு சாய்ந்து நின்றான். கையில் தேத்தண்ணிக் கோப்பை. தலையிடி என்று பூசைக்கு வராமல் நின்றுகொண்ட மனிதனின் முகத்தில் தலையிடியைக் காணவில்லை.

"நீங்க ஏதும் தொட்டனீங்களா?"

"அழிச்சிட்டன்."

"எதை?"

"நீ ஒளிச்சு வச்சிருந்ததை."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. திறாங்குப் பெட்டிக்குள்ளோ அரிசிப் பானைக்குள்ளோ எதையாவது வைத்து மறந்துவிட்டேனா என்று மனம் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அப்படி ஒன்றும் இல்லை.

அவன் கட்டாரிலிருந்து வந்து மூன்று மாதம். போர் முடிந்த அதே வருடம் போனவன். ஒரு கட்டடக் கொம்பனியின் களஞ்சியத்தில் நாலு வருடம் சாமான் பதிந்தான். பதிந்தது கொம்பியூட்டரில். அதனால் அவனுக்குக் கொம்பியூட்டர் கொஞ்சம் தெரியும். ஒன்றும் தெரியாதவன் மெஷினைத் தொடமாட்டான். நன்றாகத் தெரிந்தவன் தொட்டாலும் பயமில்லை. இந்தக் கொஞ்சம் தெரிந்த ஆட்களால்தான் மெலனியின் மேசைக்கு ரிப்பேருக்கு மெஷின்கள் வந்தன.

"என்ன ஒளிச்சு வச்சனான்?" என்றாள்.

"அது எனக்கெப்பிடித் தெரியும்? வச்சவளுக்குத் தெரியும்."

கோப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு அவன் சொன்னான். சொல்லும்போது, தப்புச் செய்தவனின் தயக்கம் இல்லை. கெட்டிக்காரத்தனமாக எதையோ கண்டுபிடித்தவனின் அவசரம் இருந்தது. வெள்ளிக்கிழமை அவள் முந்தலுக்குப் பேப்பர் வாங்கப் போன நேரம், ஹாட்டிஸ்க்கில் எவ்வளவு இடமிருக்கிறது என்று பார்த்தானாம். சி கிடந்தது. டி கிடந்தது. இரண்டுக்கும் முன்னால், இடது மூலையில், ஒரு சின்னக் கட்டம். நூறு எம்பி. அதற்கு எழுத்துமில்லை, திறக்க வழியுமில்லை. அழிப்போம் என்று பார்த்தால் அழிக்கவும் விடவில்லை. மெனுவில் 'அழி' என்ற சொல் மட்டும் மங்கிப்போய்க் கிடந்தது.

"அழிக்க விடாத சாமான் சும்மா சாமானா? நீயே சொல்லு."

கட்டாரில் கூட வேலை செய்த மலையாளப் பெடியன் ஒருவன் கொடுத்த சீடியை அவன் பெட்டிக்குள் கொண்டுவந்திருந்தான். பூசைக்கு அவள் படலையைச் சாத்தின பிறகு, அந்தச் சீடியைப் போட்டு மெஷினை எழுப்பி, அந்தக் கட்டத்தைத் தொட்டு அழித்தான். இரண்டு நிமிட வேலை.

மெலனிக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அவன் முகம் இறுகிற்று.

"என்ன சிரிப்பு?"

"ஐயோ கில்பட், அது வின்டோஸ் தானாப் போடுறது. மெஷின் எழும்புறதுக்கான சாமான்தான் அதுக்குள்ள கிடக்கும். உலகத்தில உள்ள எல்லா மெஷினிலயும் இருக்கு."

"எங்கட ஸ்டோர்ஸ் மெஷின்ல இருக்கேல்ல."

"அது பழைய எக்ஸ்பி."

"ஓ. அது பழசு, இது புதுசு. நான் போன பிறகு வந்த புதுசு."

சிரிப்பு அதோடு நின்றது. மூன்று மாதமாக இந்த வீட்டுக்குள் ஏதோ ஒன்று சுற்றிக்கொண்டு திரிந்தது அவளுக்குத் தெரியும். அவன் அவளுடைய ஃபோனை எடுத்து, நேரம் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு வைப்பான். ரியூஷன் மாஸ்டர் ஒருவர் கேள்வித்தாள் அடிக்க வந்தால், முன்னறையில் வந்து உட்கார்ந்து பழைய பேப்பரை விரிப்பான். மாமி மாக்கிறட், 'முன்னறையில விடியும்வரைக்கும் லைற் எரியும் மகன், பாவம் நல்லா வேலை செய்வாள்' என்று அவனிடம் சொன்னதை மெலனி காதால் கேட்டவள். அந்தப் பாவத்துக்குள் என்ன கிடந்தது என்பதும் அவளுக்குத் தெரியும். இவ்வளவும் புகைபோலக் கிடந்தது. இன்றைக்குத்தான் அதற்கு ஓர் அளவு கிடைத்திருக்கிறது. நூறு எம்பி.

"திறந்து பாத்தீங்களா?" என்று கேட்டாள். "அழிக்க முதல், உள்ளுக்க என்ன கிடக்கு எண்டு பாத்தீங்களா? அந்தச் சீடியில பாக்கலாமே."

அவன் கோப்பையை எடுத்தான். தேத்தண்ணி முடிந்திருந்தது. முடிந்த கோப்பையை வாயில் வைத்தான்.

"பாத்து என்னத்துக்கு? பாத்து நான் வயிறெரியவா?"

அந்தப் பதில் அவளை அடித்ததுபோல வேறெதுவும் அடிக்கவில்லை. ஒருவனுக்குச் சந்தேகம் வரலாம். அவன் தேடலாம், தோண்டலாம். அதில் ஒரு நியாயமாவது இருக்கும். இவன் அறிய ஆசைப்படவில்லை. அவள் குற்றவாளி என்பது இவனுக்கு முடிந்த விஷயம். குற்றம் என்னவென்று பார்க்கத்தான் பயம்.

"சரி, ஒண்டு செய்வம்" என்றான். குரல் தணிந்திருந்தது, பெருந்தன்மை வந்திருந்தது. "செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலுக்கு வா. சுரூபத்தில கையை வச்சு, அதுக்குள்ள நான் ஒண்டும் வைக்கேல்ல எண்டு சொல்லு. நான் விட்டிடுறன். பிறகு அந்தக் கதையே எடுக்கமாட்டன்."

அது அவர்களுடைய கரையின் வழக்கம். வலை களவு போனாலும், போட் எஞ்சின் காணாமற் போனாலும், காணியின் எல்லைக் கட்டை ஓர் இரவில் நகர்ந்தாலும், பொலிசுக்குப் போக முதல் அந்தோனியாரிடம்தான் போவார்கள். சுரூபத்தின் பாதத்தில் கை வைத்தவனை அதற்குப் பிறகு யாரும் ஒரு சொல் கேட்கமுடியாது. கேட்டால் கேட்டவனுக்குத்தான் பழி. மெலனியின் தகப்பனே ஒருமுறை எஞ்சின் விஷயத்தில் கை வைத்தவர். வைத்துவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார். எஞ்சினை அவர் எடுக்கவில்லை. எடுக்காதவனைக் கை வைக்க வைத்துவிட்டார்களே என்றுதான் கிடந்தார்.

ஓம் என்றால் முடிந்தது. சொல்ல வேண்டியது முழு உண்மை, பொய்யே இல்லை. செவ்வாய் பின்னேரம் நவநாளுக்குப் போய், ஒரு நிமிடம் கையை வைத்துவிட்டு வந்தால், வீடு பழையபடி. ஆனாலும் அவளுக்குள் எதுவோ குறுக்கே விழுந்து படுத்துக்கொண்டது.

"சத்தியம் வேண்டாம்" என்றாள். "நான் அதைத் திருப்பி எடுத்துக் காட்டுறன். உங்கட கண்ணால பாருங்க."

"அழிச்சதை எப்பிடி எடுப்பாய்?"

"எடுக்கலாம்."

அவனுடைய கண் ஒரு கணம் தடுமாறியதை அவள் கண்டாள். அழித்தது அழியாது என்பது அவனுக்கு நல்ல செய்தியாக இருக்கவில்லை.

*

திங்கள் காலை பஸ்ஸில் பாலாவிக்குப் போனாள். சந்தியில் சீமெந்து லொறிகள் வரிசையாக நின்று புகையைக் கக்கின. அப்பால் உப்பளத்தில் வெயில் வெள்ளைத் தகடாகக் கிடந்தது. றுமானாவின் கடை சந்திக்கு இந்தப் பக்கம், ஃபார்மசிக்கு மேல்மாடி. இருவரும் ஒன்றாகக் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போனவர்கள். மெலனி எழுத்தடிக்கப் போனாள். றுமானா கழற்றிப் பூட்டப் போனாள். இப்போது புத்தளத்திலிருந்து கற்பிட்டி வரைக்கும் செத்த ஹாட்டிஸ்க் எல்லாம் றுமானாவிடம்தான் வரும்.

முழுக்கதையையும் கேட்டுவிட்டு றுமானா ஸ்க்ரூ டிரைவரை மேசையில் வைத்தாள். முந்தானைத் துண்டால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

"அல்லாவே! எங்கட மனுசன் டெலிபோனத்தான் நோண்டுவார். உங்கட மாப்புள பூட் பார்ட்டிஷனோடயே உங்களச் சோடி சேத்துட்டாரா?"

"சிரிக்காத றுமானா."

"சிரிக்காம என்ன செய்ய புள்ள? அழுதா உங்களுக்கு வேல நடக்குமா?" சிரித்தபடியே சீடிக் கவரைத் தேடினாள். "வேற ஒண்டும் எழுதல்லதானே? மறுகா வின்டோஸ் போடல்லதானே? அப்ப பயமில்ல. டிஸ்க்குட தலையில ஒரு சின்ன லிஸ்ட் இரிக்கி. எந்தப் பார்ட்டிஷன் எங்க துவங்குது, எங்க முடியுது எண்டு. அவர் அழிச்சது அந்த லிஸ்ட்டுல ஒரு வரி மட்டும்தான். சாமான் அப்பிடியே அந்த எடத்துலதான் கெடக்கும். இந்தச் சீடி டிஸ்க்க முழுக்கத் தடவிப் பாத்து அந்த எடத்தக் கண்டு புடிக்கும். நீங்க வரிய மறுகா எழுதுங்க. துவங்குறது இதுதான் எண்டு ஒரு நட்சத்திரம் போடுங்க. அவ்வளவுதான்."

"உள்ளுக்க என்ன கிடக்கு எண்டு காட்டுமா?"

"ஃபைல் பேரெல்லாம் காட்டும்." றுமானா சீடியை நீட்டியவள், கொடுக்காமல் பிடித்துக்கொண்டாள். "ஒண்டு கேக்கட்டா? நீங்க ஹாட்டிஸ்க்கையா ரிப்பேர் பண்ணப் போறீங்க, மாப்புளயையா? எனக்கிட்ட ஒரு சீடிதான் இரிக்கி."

மெலனி சீடியைப் பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டாள்.

திரும்பி வரும்போது யன்னலோரம் இடம் கிடைத்தது. ஒரு கையால் பையைப் பிடித்துக்கொண்டு, களப்புப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். அவன் இல்லாத நாலு வருடத்துத் தன் கதையை வேறொருத்தியின் கதைபோல நினைத்துப் பார்த்தாள். கள்ளத்தனம் என்று சொல்ல எங்கேயாவது ஏதாவது இருந்ததா? காலையில் எழும்பி மகள் யூஜினியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாள். முன்னறை யன்னல் இரண்டையும் திறந்து விடுவாள். பாணும் சம்பலும் மேசையிலேயே சாப்பிடுவாள், ஒரு கையால் எழுத்தடித்தபடி. கலியாணக் கார்ட், நவநாள் தாள், கேள்வித்தாள், செத்தவீட்டுப் புத்தகம். மத்தியானம் சமைக்க மனமில்லாவிட்டால் சமைக்கமாட்டாள். வெள்ளிக்கிழமைகளில் கில்பட் எடுப்பான். 'என்ன செய்றாய்?' 'வேலை.' 'வேற?' 'வேற ஒண்டுமில்ல.' அந்த நாலு வருடத்தின் முழுக் கணக்கும் இந்த மூன்று சொல்தான். யூஜினி சிலாபத்துக் கன்னியர் மட விடுதிக்குப் போன பிறகு வீடு இன்னும் அமைதியாகிற்று. அமைதியைப் பற்றி அப்போது அவள் ஒன்றும் நினைத்ததில்லை.

*

பின்னேரம் மூன்று மணிக்கு அவன் தானாகவே ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் போட்டான். வழக்கு விசாரணைக்கு வந்தவன்போல நிமிர்ந்து உட்கார்ந்தான். அவள் சீடியைப் போட்டு மெஷினை எழுப்பினாள். படமுமில்லை, பொத்தானுமில்லை, கறுப்பில் வெள்ளை எழுத்து மட்டும். டிஸ்க்கைக் காட்டினாள். வகையைக் காட்டினாள். தேடு என்றாள்.

முதல் தேடலில் சி வந்தது, டி வந்தது. மூன்றாவது இல்லை.

"இல்லையே" என்றான் கில்பட்.

"ஆழமாத் தேடவேணும். நேரம் எடுக்கும்."

சதவீதம் ஒன்று என்று காட்டியது. பிறகு நெடுநேரம் ஒன்றாகவே நின்றது. வெளியில் யாரோ மீன் கூவிக்கொண்டு சைக்கிளில் போனார்கள். இரண்டு பேரும் பேசாமல், ஓர் இலக்கம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலியாணமாகிப் பதின்மூன்று வருடத்தில் இவ்வளவு நேரம் பக்கத்துப் பக்கத்தில் இருந்து இருவரும் ஒரே பொருளைப் பார்த்தது இதுதான் முதல்தரம் என்று மெலனிக்குப் பட்டது.

மூன்றாவது சதவீதத்தில் அவன் பேசினான்.

"உனக்குத் தெரியாது. அங்க ஒரு அறைக்குள்ள ஆறு பேர். வேலை முடிஞ்சு வந்தா வேற கதை இல்ல. அவன்ட மனிசி இப்பிடி, இவன்ட மனிசி அப்பிடி. நீர்கொழும்பு ஆள் ஒருத்தன் லீவில போய்ப் பாத்தா, வீட்டில வேற ஒருத்தன்ட சாரம் கொடியில காயுது. அவன் திரும்பி வந்து எங்களுக்குச் சொல்லிச் சொல்லி அழுவான். ஒவ்வொரு நாளும் அந்தச் சாரம்."

"அது அந்த ஆளிட வீடு."

"ஓம். எல்லாருக்கும் அது வேற ஆளிட வீடுதான்."

அவன் முகத்தை அவள் பார்த்தாள். கன்னத்தில் எலும்பு எழும்பியிருந்தது. நாற்பத்தொரு வயதுக்கு நரை கூட. ஒரு கணம் அவளுக்குள் எதுவோ இளகிற்று. ஒருவேளை இது முடிந்துவிடும். உள்ளே ஒன்றுமில்லை என்று கண்டால் இவன் வெட்கப்படுவான். வெட்கப்பட்டால் சிரிப்பான். சிரித்தால் நானும் சிரிப்பேன். பிறகு தேத்தண்ணி போடுவேன். இதை அவள் உண்மையாகவே நம்பினாள். அந்த ஒரு மணித்தியாலம் முழுக்க அவள் உயிர் அந்த இலக்கத்தில் தொங்கியது.

தேடல் முடிய முதலே பட்டியலின் தலையில் ஒரு புது வரி விழுந்தது. சியும் டியும் கீழே இறங்கி இடம் விட்டன. நூறு எம்பி.

"இதுதான்" என்றாள். குரல் அவளுக்கே சிறுபிள்ளைக் குரலாகக் கேட்டது. "பாருங்க, இதுதான் நீங்க அழிச்சது. இப்ப இதுக்குள்ள என்ன கிடக்கு எண்டு காட்டுறன்."

பி எழுத்தை அழுத்தினாள். நாலைந்து பெயர்கள் விழுந்தன. பூட் என்று ஒரு ஃபோல்டர். பூட் மனேஜர் என்று ஒரு ஃபைல். இன்னும் ஏதோ இரண்டு.

"அவ்வளவுதான்?"

"அவ்வளவுதான்."

"அந்த ஃபோல்டரைத் திற."

திறந்தாள். உள்ளே ஒரு நீண்ட நிரலாக, இரண்டிரண்டு எழுத்தில் சின்னச் சின்ன ஃபோல்டர்கள். கில்பட் கதிரையை இழுத்துக்கொண்டு திரைக்கு முகத்தைக் கிட்டக் கொண்டுபோனான். விரல் மேலிருந்து கீழே இறங்கியது. நடுவில் ஓர் இடத்தில் நின்றது. நின்ற விரலில் நகம் வெள்ளையாகிற்று.

"ஐ ரீ" என்று வாசித்தான். "ஐ ரீ. ரெண்டு தரம் போட்டிருக்கு."

"அது இத்தாலி பாஷைக்கு..."

"தெரியும். எங்கட ஸ்டோர்ஸுக்கு வாற மாபிள் பெட்டியில எல்லாம் இந்த ரெண்டு எழுத்துத்தான் அடிச்சிருக்கும். நாலு வருசம் பதிஞ்சிருக்கன்." அவன் திரையிலிருந்து விரலை எடுக்கவில்லை. "ஆர் இத்தாலியில?"

இந்தக் கரையில் இத்தாலியில் ஆளில்லாத வீடே இல்லை. கோயில் மணிக்கூட்டுக் கோபுரம் இத்தாலிக் காசு. மாமி மாக்கிறட்டின் முட்டுவலித் தைலம் இத்தாலித் தைலம். ஆனால் அவன் கேட்டது அந்த இத்தாலியை அல்ல என்று அவளுக்கு விளங்கியது. பதினாலு வருடத்துக்கு முன், கில்பட் வீட்டார் கேட்டு வர முதல், பேதுரு என்ற ஒருவனுக்கு அவளைப் பேசினார்கள். அவனை அவள் இரண்டே தரம்தான் கண்டாள், இரண்டு தரமும் கோயில் வாசலில். பேச்சு முற்ற முதலே அவன் போட் ஏறி இத்தாலிக்குப் போய்விட்டான். அவனுடைய முகம்கூட இப்போது அவளுக்கு ஞாபகமில்லை. கில்பட்டுக்கு ஞாபகமிருந்திருக்கிறது, காணாத முகம்.

"பேரைச் சொல்லவா?" என்றான்.

"சொல்லுங்க. ஆனா அதுக்கு மேலயும் கீழயும் உள்ளதையும் வாசியுங்க. இது ஜேர்மன். இது ஸ்பெய்ன். இந்தா ஜப்பான், கொரியா, ரஷ்யா. எழும்பேக்க பிழை வந்தா ஆளிட பாஷையில சொல்றதுக்குப் போட்டது. ஜப்பானிலயும் எனக்கு ஆள் இருக்கா கில்பட்? ரஷ்யாவிலயும் இருக்கா? நான் சமைச்சதெப்ப, குளிச்சதெப்ப?"

"மற்றதெல்லாம் மறைக்கப் போட்டது."

"ஆர் போட்டது?"

"இவ்வளவு தெரிஞ்சவளுக்கு அது பெரிய வேலையா? அழிச்சதையே கிண்டி எடுக்கிறாய். எடுக்கேக்கயே துடைச்சுப்போட்டு எடுத்திருப்பாய்." எழும்பினான். கதிரை பின்னால் சரிந்தது. "அதுதான் நான் முதலே சொன்னன். இந்த மெஷின் கதை எனக்கு வேண்டாம். நாளைக்குக் கோயிலுக்கு வா. அந்தோனியாரைத் துடைக்கேலாது."

படலை சாத்துப்பட்ட சத்தம் கேட்டது. கடற்கரைப் பக்கம் போகிறான்.

பிறகு, தொடங்கிய வேலையை விட முடியாத பழக்கத்தில், அந்த வரியை நட்சத்திரம் போட்டுக் குறித்தாள். பட்டியலை எழுது என்றாள். உண்மையாகவா என்று கேட்டது. ஓம் என்றாள். சீடியை எடுத்துவிட்டு மெஷினைத் திரும்ப எழுப்பினாள். நாலு நிறப் பூ சுழன்று, வழக்கமான அந்த இனிய ஓசையோடு வின்டோஸ் வந்தது. சம்மாட்டியாரின் புத்தகம் டி டிரைவில் பத்திரமாகக் கிடந்தது. முதல் பக்கத்தில் அவர் கழுத்துப்பட்டி கட்டி, யாரோ செத்ததுபோல முறைத்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் திரும்பி வந்துவிட்டது. காட்டினால் நம்புவான் என்று அவள் நினைத்தது ஒன்றுதான் வரவில்லை.

பிரின்டரில் பேப்பர் வைத்தாள். பக்கங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து விழுந்தன. அந்தச் சத்தத்தில், ஏன் ஞாயிறன்றே சத்தியத்துக்கு ஓம் சொல்லவில்லை என்று தன்னைத் தானே கேட்டாள். ரோசம் என்றுதான் இரண்டு நாளும் நினைத்திருந்தாள். தகப்பனின் ரோசம். ஆனால் அது மட்டுமில்லை. 'அதுக்குள்ள ஒண்டும் இல்லை' என்ற வார்த்தையைச் சொல்லவே நாக்கு கூசியது. ஒன்றும் இல்லை என்பது உண்மை. அந்த உண்மைதான் கூசியது. முப்பத்தாறு வயது. இவ்வளவு பெரிய சந்தேகத்துக்கு இடம் கொடுக்க, இவளிடம் ஒரு ரகசியம்கூட இல்லை. ஒருத்தன்கூட இல்லை, ஒரு கடிதம்கூட இல்லை. திறந்து பார்த்தால் பூட் ஃபோல்டர். எழும்புவதற்கான சாமான், காலையில் எழும்பி, வேலை செய்து, படுப்பதற்கான சாமான். பி அழுத்தி அந்தப் பெயர்கள் விழுந்தபோது, ஒரு நொடி, ஏதாவது இருக்காதா என்று தானும் எட்டிப் பார்த்ததை இப்போதுதான் ஒத்துக்கொண்டாள்.

இருபத்தெட்டாம் பக்கம் விழுந்தது. பிரின்டர் நின்றது. வீடு அமைதியாகிற்று.

அந்த அமைதி அவளுக்குப் பழக்கமான அமைதி. யன்னல் இரண்டும் திறந்திருந்தன. காற்று தாள்களின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தது. யாரும் கதிரை போட்டுப் பக்கத்தில் இல்லை. தோள் இரண்டும் தானாகவே கீழே இறங்குவதை உணர்ந்தாள். மூன்று மாதமாக அவை காதுக்குக் கிட்ட நின்றிருக்கின்றன. அப்போதுதான் அது வந்தது. கள்ளனைப்போல வரவில்லை, வீட்டுக்காரியைப்போல நேரே வந்து நின்றது. மாதா மாதம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்க் கோபத்தையும் பொறாமையையும் பூசைக்குப் பிந்தியதையும் சொன்னவள், இதை ஒருநாளும் சொன்னதில்லை. இப்படி ஒன்று தன்னிடம் கிடக்கிறது என்றே தெரியாமல் இருந்தாள்.

அவள் டிஸ்க்கின் படத்தைத் திறந்தாள். சி, டி, இடது மூலையில் அந்தச் சின்னக் கட்டம். அதற்கு ஓர் எழுத்துக் கொடுத்தாள். புது டிரைவ் ஒன்று மற்ற இரண்டோடும் சேர்ந்து எழும்பி நின்றது. திறந்தாள். பாதிக்கு மேல் வெறும் இடம். ஒரு புது ஃபைல் செய்யப் போனபோது, அனுமதி வேண்டும் என்றது. கொடுத்தாள்.

தமிழ் கீபோட்டைப் போட்டு ஒரு வரி அடித்தாள்.

'அவர் இங்க இல்லாத நாலு வருசமும் நான் சந்தோசமாக இருந்தேன்.'

செத்தவீட்டுப் புத்தகங்களில் எத்தனை ஆயிரம் வரி அடித்திருப்பாள். எல்லாம் மற்றவர்களுடைய கண்ணீர். தன்னுடையதென்று அடித்த முதல் வரியை இரண்டு தரம் வாசித்தாள். எழுத்துப் பிழை இல்லை. சேமித்தாள். ஒரு கேபிகூட வரவில்லை. பிறகு கொடுத்த எழுத்தைத் திரும்ப எடுத்தாள். டிரைவ் திரையிலிருந்து போயிற்று. சி, டி மட்டும் நின்றன.

படலை திறந்தது. கில்பட் வாசலில் நின்று காலில் ஒட்டிய மணலைத் தட்டினான். உள்ளே வரவில்லை. அவளையும் பார்க்கவில்லை, முற்றத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"என்ன சொல்றாய்? நாளைக்கு வாறியா?"

மெலனி தாள்களைத் தட்டி ஒழுங்காக்கிக்கொண்டிருந்தாள்.

"வாறன்" என்றாள். "எத்தினை மணிக்கு நவநாள்?"

"அஞ்சுக்கு." அவன் இப்போதுதான் அவளைப் பார்த்தான். எதிர்பார்த்துவந்த சண்டை கிடைக்காதவனாக, கொஞ்சம் தடுமாறி, பிறகு உள்ளே வந்தான். சரிந்து கிடந்த கதிரையைத் தூக்கி நிமிர்த்தினான். "எனக்குத் தெரியும், நீ வருவாய் எண்டு. மனசில ஒண்டும் இல்லாதவளுக்கு என்ன பயம்?"

"ஓம்" என்றாள். "எந்தக் கை வைக்கிறது? வலதா, இடதா?"